அட்டை வரும்வரை

பிப்ரவரி 13

நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க இன்று காவல் நிலையத்துக்குப் போனோம். ஓட்வார் காரிலேயே இருந்துகொண்டான். கவுன்ட்டரில் இருந்த பெண், இடையில் எப்போதாவது நார்வேயை விட்டுப் போனதுண்டா என்று கேட்டாள். இல்லை, அம்மா இறந்தபோதுகூடப் போகவில்லை, போனால் குடும்ப விசா ரத்தாகிவிடுமே என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருங்க அப்படிச் சொன்னது? ரெண்டு மூணு வாரம் தாராளமா போயிட்டு வந்திருக்கலாமே."

சொன்னது என் கணவன், காரில் உட்கார்ந்திருந்த ஓட்வார்.

பிப்ரவரி 14

அன்று ஊரில் அம்மாவின் சிதைக்குத் தம்பி தீ வைத்ததை இந்தச் சமையலறையில் நின்றபடி போனில் பார்த்தேன். "போனா எல்லாம் போச்சு, ரட்சனி" என்று சொல்லிவிட்டு இவன் படகுக்குப் பெயின்ட் அடிக்கப் போய்விட்டான். பாவி. கேட்டுவிடலாமா? கேட்டால் — துரத்திவிட்டால்? இவன் பெண்டாட்டி என்பதால்தானே இந்த நாட்டில் இருக்கிறேன்.

கேட்க மாட்டேன். வசிப்புரிமை அட்டை வரட்டும். அதுவரை சிரிப்பேன்.

மார்ச் 4

சிரித்தேன்.

மே 17

தேசிய நாள் ஊர்வலம். மாமியார் குட்ருன் தன் வெள்ளி அலங்கார ஊசியை என் சட்டையில் குத்திவிட்டு, "நீ என் பொண்ணுடி" என்றார். அம்மா போன அன்று என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டவர் அவர்தான். அவரை விட்டுப் போவது ஒன்றுதான் கஷ்டம்.

ஆகஸ்ட் 30

பெர்கன் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டேன். ஓட்வாருக்குத் தெரியாது. மீன் வறுத்துக் கொடுத்தேன், ருசி என்றான். தின்னட்டும்.

செப்டம்பர் 20

அட்டை வந்தது. இனி என் இருப்பு எவன் கையிலும் இல்லை. பெட்டி கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தில், அவனைப் பெற்றவள் எதிரிலேயே சொல்வேன். அவன் முகம் சுருங்குவதை நான் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 23

குட்ருன் வீட்டில் ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும். அவர் பரிமாறிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"எங்கம்மா செத்தப்ப நீ சொன்னது பொய். நான் போயிருக்கலாம். நாளைக்கு உன்னை விட்டுப் போறேன்."

ஓட்வாரின் முகம் சுருங்கவில்லை. ஒன்றும் புரியாதவன் போல விழித்தான். பிறகு மெல்லத் தன் அம்மா பக்கம் திரும்பினான்.

"நீதானே விசாரிச்சுட்டு வந்து சொன்னே?"

கரண்டி சட்டிக்குள் விழுந்தது. குட்ருன் அதை எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள்.

"முன்னாடி இவனுக்குப் பெண்டாட்டியா இருந்தவ ஊருக்குப் போறேன்னு போனவதானே, திரும்பி வந்தாளா? குடிச்சுக் குடிச்சு இவன் கிடந்த கிடை உனக்குத் தெரியாதும்மா. நீயும் வராம போயிட்டா?"

அந்த மடியிலா தலை வைத்து அழுதேன்?

செப்டம்பர் 24

இத்தனை மாதம் ஆள் மாறி வெறுத்திருக்கிறேன். ஓட்வார் விடியவிடிய அழுதான். விசாரிக்காமல் நம்பினானே, அவனும் குற்றவாளிதான். ஆனால் தண்டனை அவனுக்கில்லை.

அவள் அஞ்சியது எதற்கு? மகன் தனியாகிவிடுவான் என்றுதானே.

"நான் பெர்கன் போறேன். வர்றதுன்னா வா. ஆனா இந்த ஊர்ல இனி கால் வைக்க மாட்டேன், நீயும் வைக்கக் கூடாது" என்றேன்.

அக்டோபர் 7

படகை விற்றுவிட்டான். கிளம்பும்போது குட்ருன் வாசல்வரை வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். வலிக்காமல்தான்.

டிசம்பர் 19

மழை. ஓட்வார் குளித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. எடுத்தேன். கிறிஸ்துமஸுக்காவது வருவீர்களா என்று குட்ருன் கேட்டாள். அவனை மட்டுமாவது அனுப்பச் சொன்னாள். இடுப்பு வலியில் மாடிப்படி ஏற முடியவில்லையாம், கீழேயே படுத்துக்கொள்கிறாளாம்.

"வர முடியாது அத்தை" என்றேன், அன்பாகவே.

அழ ஆரம்பித்தாள். நான் போனை வைக்கவில்லை. அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஓட்வார் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, யார், அம்மாவா, என்ன சொன்னாள் என்றான்.

"நல்லா இருக்காங்களாம்" என்றேன்.