நாலு வரியில் விட்டுப்போனது

அன்புள்ள லெட்சுமணா,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நேற்று பெங்களூரிலிருந்து ரயிலேறி வந்து, திருமயத்துக்குப் பக்கத்தில் உன் வீட்டிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இத்தனை நாள் வராமல் இருந்ததற்குக் காரணம் பயம்தான்.

நம் போர் விமானத்துக்கு என்னென்ன வேண்டும் என்று விமான வடிவமைப்பு அலுவலகத்தில் என்னைத்தானே எழுதச் சொன்னார்கள்? நாலே வரி எழுதினேன். வேகமாக மேலேற வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும், சின்ன ஓடுதளம் போதுமானதாக இருக்க வேண்டும், எடை ஏறக் கூடாது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்த நாலு வரிதான் இறக்கையைச் சின்னதாக்கியது, உடம்பை ஒல்லியாக்கியது, வேலையையும் சீக்கிரம் முடித்தது.

அந்த விமானத்தை முதலில் ஓட்டிப் பார்க்கப் போகிறவன் நீ. உன் தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தவன், என் தாளை வாங்கிப் படித்துச் சிரித்தாய்.

“ஏன்டா கருப்பையா, எங்க லிஸ்ட்ல வெளக்கமாறுகூட எழுதுவோம். எழுதலைன்னா வராது. ஒன் லிஸ்ட்ல ஓட்டுறவன் தப்பிச்சு வர ஒண்ணையும் காணோமே?”

“எடை கூடும்டா,” என்றேன். நீ மறுபடி பட்டியலுக்குக் குனிந்துவிட்டாய். ஏன்டா என்னோடு சண்டை போடவில்லை?

சோதனை ஓட்டத்தில் நீ தாழப் பறக்கும்போது இன்ஜின் நின்றது. பாராசூட்டோடு குதிக்க உயரம் இல்லை. இருக்கையோடு ஆளை வெளியே தூக்கி எறியும் அமைப்பு அப்போதே உண்டு. நான் கேட்கவில்லை, அதனால் உன் விமானத்தில் இல்லை. விசாரணைத் தாளில் என் பெயர் எங்கும் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

இப்போது அடுத்த விமானம். போன வாரக் கூட்டத்தில் அந்த இருக்கையை ஐந்தாவது வரியாக எழுதினேன். எடை கூடுகிறது, அடித்துவிடு என்றார் மேலதிகாரி. விமானத்தின் இரண்டு பீரங்கியில் ஒன்றை வேண்டுமானால் எடுக்கிறேன், இந்த வரியை எடுக்க மாட்டேன் என்றேன். வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறார்கள்.

இன்று காலை உன் ஆத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டதையும், நான் மறுத்ததையும், இப்போது எழுதிய ஐந்தாவது வரியையும் சேர்த்துத்தான்.

எல்லாம் கேட்டுவிட்டு, “அஞ்சாவதா ஏம்ப்பா எழுதுனே? மொத வரியா எழுது,” என்றார். எழுந்து போய் எனக்கு இலை போட்டார்.

எழுதிவிட்டேன், லெட்சுமணா. முதல் வரியாக. வெள்ளிக்கிழமை இந்தத் தாளோடுதான் உள்ளே போவேன். வேலையே போனாலும், இந்த வரி இல்லாத விமானத்துக்கு இனி ஒரு கோடு வரைய மாட்டேன்.

உன் ஆத்தா இன்னும் சோறு போடுகிற
உன் சகோதரன்
கருப்பையா