நாற்பத்தொரு ஆரஞ்சு மீன்கள்

பிப்ரவரி 11, புதன்

இடுப்பு இன்றைக்கும் படுத்துகிறது. இரண்டு தொட்டிக்குத்தான் தண்ணீர் மாற்ற முடிந்தது. மொட்டைமாடிக்குக் குழாய் போட்டுத் தருகிறேன் என்று அவர் சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது.

பெரிய தொட்டியில் நாற்பத்தொன்றும் கொழுகொழுவென்று இருக்கின்றன. இன்னும் ஒரு மாதத்தில் முட்டைக்கு விடலாம். பார்வைக்கு எல்லாம் கடையில் பாலிதீன் பையில் தொங்குகிற அதே ஆரஞ்சு. அப்பன் நீலம், அம்மா பழுப்பு. பிள்ளைகளில் ஒன்றுகூட இரண்டையும் வெளியே காட்டவில்லை. காட்டாது. இரண்டு நிறமும் உள்ளே பதுங்கியிருக்கும். இவற்றுக்குள்ளேயே ஜோடி சேர்த்தால், அடுத்த தலைமுறையில் ஆயிரத்தில் ஒரு குஞ்சுக்கு இரண்டும் சேர்ந்து வெளிப்படும். அதுதான் கத்தரிப்பூ நிறம். கல்யாணமான புதிதில் ஒரு கண்காட்சியில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். "என்ன, சாயம் போன மாதிரி இருக்கு" என்றார் அவர். நான் அந்தத் தொட்டியை விட்டு நகரவில்லை.

அப்பனும் அம்மாவும் போன கோடையில் மின்சாரம் நின்ற அன்றே போய்விட்டன. அந்த நீலத்துக்காக மூன்று வருடம் காத்திருந்தேன். கொடுத்தவரும் வளர்ப்பதை விட்டுவிட்டார். இனி எனக்கு இந்த நாற்பத்தொன்றுதான்.

பிப்ரவரி 20, வெள்ளி

நாளை அக்காவுக்குக் கண் அறுவை சிகிச்சை. நான்கு நாள் அவளோடு இருக்க வேண்டும். தீனி அளவை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அவர் படித்தால் சரி.

பிப்ரவரி 24, செவ்வாய்

தொட்டி காலி. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். குழாயும் போட்டாகிவிட்டது, எனக்கு ஆச்சரியம் கொடுக்கவாம்.

"நாப்பது மீனுக்கு நீ ஏன் வாளி தூக்கிச் சாகணும்? ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே இல்லாததைத்தான் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். தலையில சிவப்புக் குல்லா வச்சதையெல்லாம் தொடவே இல்ல."

அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் வாசல் குளத்தில் விட்டுவிட்டாராம். பெரிய டாக்டரே கைகொடுத்தாராம்.

எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அத்தனைக்கும் உம் கொட்டினாரே, எந்தக் காதில் வாங்கினார்? கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். என் இடுப்புக்குத் தைலத்தைச் சூடு பண்ணிக்கொண்டு நிற்கிறார் மனுஷன். என்னத்தைக் கத்துறது. யார் மேல கத்துறது.

பிப்ரவரி 25, புதன்

குளத்தைப் போய்ப் பார்த்தேன். முந்நூறுக்குக் குறையாது. அத்தனையும் ஆரஞ்சு. என் கையால் தீனி தின்றவைதானே, கிட்டே வரும் என்று விரலை நீட்டினேன். முந்நூறும் வந்தது!

பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் சிரிப்பார்கள். ஆனால் தெரியவில்லை. எதைப் பிடித்து எதோடு சேர்ப்பேன்?

வாசல் காவலாளிக்கு மீன் என்றால் உயிராம். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். தீனியைக் குறைத்துப் போடுங்கள், நோய் பட்ட மாதிரி ஏதாவது தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள் என்றேன். மற்றதை எதற்குச் சொல்ல? அந்தக் கூட்டத்தில் என்னுடையதும் என்னுடையதும் சேர்ந்து, அதிலும் ஆயிரத்தில் ஒன்று... நடக்கிற காரியமா.

மார்ச் 1, ஞாயிறு

அவர் கடைக்குப் போய் மீன் வாங்கி வந்தார். ஆரஞ்சு. "எண்ணிப் பாரு, சரியா நாப்பத்தொண்ணு இருக்கும்" என்கிறார்.

எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

நீலம் யாரிடமும் இல்லை. இன்றோடு விசாரிப்பதை விட்டேன்.

ஜூலை 14, செவ்வாய்

அவருடைய ஆஸ்பத்திரியிலேயே நடந்த இடுப்புச் சிகிச்சை இன்றோடு முடிந்தது. வெளியே வரும்போது காவலாளி ஓடி வந்தார், முகமெல்லாம் பூரிப்பு.

"அம்மா, குளம் பூரா குஞ்சு! வந்து பாருங்க."

பார்த்தேன். கரும்பச்சையும் ஆரஞ்சுமாய் விரல் நீளத்துக்கு நூறு நூறாய் ஓடுகின்றன.

"போன வாரம் ஒண்ணு மட்டும் சீக்கு வந்து வெளிறிப்போய்த் திரிஞ்சுதும்மா. அப்படி ஒரு கலரை நான் பார்த்ததே இல்ல. சாம்பலும் இல்ல, ஊதாவும் இல்ல..."

"கத்தரிப்பூ மாதிரியா?"

"அதேதான்! உங்களுக்குத் தெரியாததா. மத்ததுக்கும் ஒட்டிக்குமேன்னு உடனே எடுத்துக் குப்பையில போட்டுட்டேன்."

எடுக்கும்போது உயிரோடு இருந்ததா என்று கேட்டேன்.

"நல்லாத் துள்ளிச்சும்மா. எனக்கே பாவமாப் போச்சு."

நல்லதுதான் செய்தீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.