பாறைப் பிளவில் ஊதாப்பூ

ஐப்பசி, ஞாயிறு.

வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் குன்றுக்கு இன்றும் தனியாகத்தான் போனேன். இந்தப் பகுதிப் பாறைகளைத் தவிர வேறெங்கும் முளைக்காத ஊதாப்பூ பூத்து, காயும் பிடித்திருந்தது. செடிகளின் குறுக்கே குவாரிக்காரர்கள் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள்.

பாறையில் துளைபோடுபவரிடம், அந்த இடத்தை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"நாளைக்கு இங்க வெடி வைக்கிறாங்கம்மா. வேணும்னா புடுங்கிட்டுப் போங்க."

"புடுங்கினா செத்துடும்ணா. விதை முத்த இன்னும் ரெண்டு மூணு நாளாவும்."

அவர் குனிந்து வெகுநேரம் பூவையே பார்த்தார். "மிஷினு ரிப்பேருன்னு மேஸ்திரிகிட்ட சொல்றேன். மூணு நாளுதான் தாங்கும்."

ஓசூர் அறைக்குத் திரும்பியதும் யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு பூவுக்காக அழைக்கும் அளவுக்கு யாரும் இல்லை. அந்த அண்ணனின் பெயரையாவது கேட்டிருக்கலாம்.