வினிஃப்ரெட் வேலை செய்யும் தண்ணீர்ப் பூங்காவில் இரண்டு நாள்

கூலாய், ஜொகூர்
ஜூன் 17

அன்புள்ள மகன் ஆலனுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சி வினிஃப்ரெட்டும் சுகமாக இருக்கிறோம், நீயும் பிரேமலாவும் பேரன் கவினும் அங்கே அதேபோல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் செபம். கனடாவில் இப்போது நல்ல வெயில் காலமாமே, ஸ்ட்ராபெரி வயலில் கவின் வாயெல்லாம் சிவப்பாக நிற்கிற படத்தைப் பிரேமலா அனுப்பியிருந்தாள், அம்மா அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் அப்பா ஏன் பேனாவை எடுத்தார் என்று நீ நினைப்பாய். போனில் என்றால் இரண்டே நிமிடத்தில் நம் இருவர் குரலும் ஏறிவிடுகிறது, சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இதை நான் நிதானமாகச் சொல்ல வேண்டும், நீயும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

மார்ச் மாதம் வினிஃப்ரெட்டுக்குத் தண்ணீர்ப் பூங்காவில் வேலை கிடைத்தபோது நீ போனில் கத்தியது நினைவிருக்கும். டவுன் சிண்ட்ரோம் பிள்ளையைக் கொண்டுபோய் ஆயிரம் பேர் நடுவில் நிறுத்தி வேடிக்கைப் பொருளாக்கப் போகிறீர்களா, யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவள் தாங்குவாளா என்று கேட்டாய். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, நானும் மனதுக்குள் உன் பக்கம்தான். வினிஃப்ரெட்டை இன்டர்வியூவுக்குக் கூட்டிப் போனது அம்மா. முதல் இரண்டு வாரம் நான் என்ன செய்தேன் தெரியுமா, பேக்டரியில் மாலை ஷிப்டாக மாற்றிக்கொண்டு, காலையில் அவள் ஏறிப்போகிற ஸ்டாஃப் வேனுக்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் போனேன். பூங்கா வாசலுக்கு எதிர்க்கடையில் தே தாரிக் டீ குடித்தபடி பதினோரு மணிவரை உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் நாளே அவள் பார்த்துவிட்டாள் போல, பதினைந்தாம் நாள்தான் சொன்னாள், "அப்பா, நீங்க வீட்டுக்குப் போலாம்லா. எனக்கு வேலை இருக்கு" என்று.

இந்த ஜூன் பள்ளி விடுமுறையில் அங்கே வேலை செய்பவர்களின் குடும்பம் பூங்காவுக்குள்ளேயே கூடாரம் போட்டு மூன்று ராத்திரி தங்கலாம் என்று சொன்னார்கள். வினிஃப்ரெட் பேரைக் கொடுத்துவிட்டு வந்துதான் எங்களிடம் சொன்னாள். ஞாயிறு பூசைக்கு வர முடியாது என்று ஃபாதரிடம் நான் போய்ச் சொன்னேன், அவர் எனக்கும் ஒரு டிக்கெட் இல்லையா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காடியின் பின்சீட்டில் பாய், தலையணை, அம்மாவின் நெத்திலி சம்பல், ரைஸ் குக்கர்கூட ஏற்றிக்கொண்டு போனோம். கூடாரம் போடும் வித்தை எனக்குப் பிடிபடவில்லை, கம்பியை எந்த ஓட்டையில் விட்டாலும் துணி ஒரு பக்கம் சாய்ந்தது. வினிஃப்ரெட் வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு என்னை நகரச் சொன்னாள், கல்லால் முளையை அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டி, பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டாள். கூட்டம் போன பிறகு எங்களைப் போன்ற ஏழெட்டுக் குடும்பம் மட்டும்தான். கோழி இறக்கை சுட்டுத் தின்றோம். அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக ராட்டினத்தில் ஏறினாள், ஏறிய நொடியிலிருந்து இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் மேலிருந்து சுல்தான் அரண்மனையே தெரிந்தது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சனிக்கிழமை காலையில் அவள் வேலை செய்கிற பெரிய சறுக்குக்குப் போனேன். படிக்கட்டின் அடியில் மஞ்சள் சட்டை, கழுத்தில் விசில், கையில் உயரம் அளக்கிற கோலோடு நிற்கிறாள். பிள்ளைகளை அளப்பதும், கழுத்தில் கையில் எதுவும் போட்டிருந்தால் கழற்றச் சொல்வதும் அவள் பொறுப்பு. வரிசையில் என் முறை வந்ததும் நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. என் சிலுவைச் சங்கிலியைக் காட்டி, "கழட்டிட்டு வாங்க" என்றாள். அப்பாதானேம்மா என்றேன். "அப்பாவா இருந்தாலும் ரூல்ஸ்தான். அடுத்த ஆளு!" என்று என்னை ஒதுக்கிவிட்டாள். பின்னால் நின்ற பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். முதலில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. சங்கிலியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றபோது, யாரைப் பார்த்தாலும் அது என் மகள் என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது, இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. ஞாயிறு மதியம் ஒரு மனிதன் தன் சின்ன மகளோடு வந்தான், பிள்ளைக்கு உயரம் இரண்டு விரல் குறைவு. வினிஃப்ரெட் மலாய்மொழியில், "தாக் போலே, பாங்" என்றாள், முடியாது அண்ணே என்று மரியாதையாகத்தான். அவன் தூரத்திலிருந்து வந்திருக்கிறோம், விடு என்றான். இவள் அசையவில்லை. உடனே அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரியான மூளை உள்ள ஆள் யாரும் இங்கே இல்லையா, கூப்பிடு என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். மூன்று மாதமாக நீயும் நானும் பயந்தது அந்த வார்த்தைக்குத்தான். நான் பாய்ந்திருப்பேன், அம்மா என் சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், "அவ பாத்துக்குவா, நில்லுங்க" என்றாள். வினிஃப்ரெட்டின் உதடு நடுங்கியதை நான் பார்த்தேன். ஆனால் கோலைக் கீழே வைக்கவில்லை, வழியையும் விடவில்லை. "தாக் போலே" என்று அதே குரலில் இன்னொரு முறை சொன்னாள். பிறகு அழுதுகொண்டிருந்த அந்தப் பிள்ளை முன்னால் குந்தி உட்கார்ந்து, சின்னக் குளத்துச் சறுக்கு எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினாள். அதற்குள் சூப்பர்வைசர் அர்ச்சுனன் ஓடிவந்தார். அந்த மனிதன் அவரிடமும் எகிறினான். அர்ச்சுனன் கோலை எடுத்து மறுபடி அளக்கக்கூட இல்லை. இந்தச் சறுக்குக்குப் பொறுப்பு வினிஃப்ரெட்தான், அவர் முடியாது என்றால் முடியாது, என்று சொல்லிவிட்டார். அவன் முணுமுணுத்துக்கொண்டு மகளைச் சின்னக் குளத்துக்குக் கூட்டிப் போனான். வினிஃப்ரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசிலை ஊதினாள், வரிசை நகர்ந்தது.

சாயங்காலம் அர்ச்சுனன் எங்கள் கூடாரத்துக்கே வந்தார். மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிறது, ஜூலை முதல் வேலை நிரந்தரம் என்றார். இங்கே வேலை செய்கிற மற்றப் பிள்ளைகள் யாராவது கெஞ்சினால் சில சமயம் விட்டுவிடுகிறார்கள், இவள் நிற்கிற இடத்தில்தான் எனக்குப் பயமே இல்லை என்றும் சொன்னார். அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வினிஃப்ரெட், நிரந்தரம் என்றால் சட்டையில் பேர் தைப்பார்களா என்று கேட்டாள். தைப்பார்களாம்.

திங்கட்கிழமை அவளுக்கு லீவு. வீட்டுக்குத் திரும்புகிற வழியில் செடெனாக்கில் காளியப்பன் வீட்டுக்குப் போனோம், என்னோடு பேக்டரியில் இருந்தவர், இப்போது வீட்டைச் சுற்றி மல்பெரி நட்டு, பறித்துத் தின்னலாம் என்று போர்டு வைத்திருக்கிறார். கறுத்ததைத்தான் பறிக்க வேண்டும் என்றதும் வினிஃப்ரெட் அதையும் சட்டமாக்கிவிட்டாள், அம்மா கூடையில் இருந்த சிவப்புக் காயையெல்லாம் பொறுக்கிக் காட்டிக் கண்டித்தாள். விரலெல்லாம் ஊதா, என் வெள்ளைச் சட்டை அத்தோடு போயிற்று. அங்கே செடிக்கு நடுவில் நின்றுகொண்டுதான், என்னைப் பார்க்காமலே, "அண்ணனுக்கு என்னைப் புடிக்கலையா?" என்று கேட்டாள். மார்ச்சில் நீ கத்தியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது, அடுப்படியில் நின்றவள் முழுவதையும் கேட்டிருக்கிறாள். நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று நாங்கள் சொன்னது பொய், அவள்தான் பேச மாட்டேன் என்றாள். உன் அண்ணன் பயந்தான், உன்மேல் உயிர் அவனுக்கு, நானும் பயந்தேன் என்று சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "நான் பயப்படலையே" என்றாள்.

சின்ன வயதில் அவளுக்கு ஷூ கயிறு கட்டச் சொல்லிக்கொடுத்தவன் நீ, உன்னைக் கோபிக்க நான் எழுதவில்லை. நம் வீட்டிலேயே தைரியமான ஆள் யார் என்று நாம் இருவரும் தப்பாக நினைத்திருந்தோம், அதைச் சொல்லத்தான் எழுதினேன். நீ இராத்திரி ஷிப்ட் முடிந்து காடி ஓட்டும்போது தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்திவிடு. கவினிடம் வீட்டில் தமிழில் பேசுங்கள். பிரேமலாவுக்கு அம்மா மல்பெரி ஜாம் ஒரு போத்தல் எடுத்து வைத்திருக்கிறாள், டிசம்பரில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும், அம்மாவின் முத்தங்களும் என் ஆசீரும். ஒன்றை மட்டும் மறக்காதே. உனக்கு ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி என்றால் இங்கே திங்கள் காலை, வாரா வாரம் அவளுக்கு அன்றைக்கு லீவு, வீட்டில்தான் இருப்பாள். என் நம்பருக்கு வேண்டாம், அவள் நம்பருக்கே அடி. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை நீ சொல்லு, மீதியை அவள் பேசிக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
மரியநாதன்