உடைந்த ஊசியின் நுனி

ருமேனியா, ரயிலில் இருந்து,
ஜனவரி 18.

அன்புள்ள அனுசுயா அக்காவுக்கு,

ஜெயபாண்டி வணக்கத்துடன் எழுதுவது. நல்லபடியாக வந்து இறங்கிவிட்டேன். நீங்களும் மகள் தேஜஸ்ரீயும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதி முடித்ததும் படம் எடுத்து தேஜஸ்ரீ போனுக்கு அனுப்புகிறேன்.

தையல் வேலைக்குப் போகிற ஊருக்கு ரயிலில் பத்து மணி நேரமாம். பனி என்றால் மார்கழியில் நம் வேலம்பாளையத்தில் பைக் சீட்டை நனைப்பதுதான் என்று நினைத்திருந்தேன். இங்கே வயல், வேலி, கூரை எதுவுமே தெரியவில்லை. தண்டவாளமும் மூடிப்போய், இரண்டு மணி நேரமாக ஒரு சின்ன ஸ்டேஷனில் நிற்கிறோம். நீங்கள் கொடுத்த குரங்குக் குல்லாவைத்தான் போட்டிருக்கிறேன்.

அதைப் பார்த்து எதிர் சீட்டுக் குழந்தைக்கு ஒரே சிரிப்பு. பெட்டிக்குள் ஹீட்டர் சூடு. அதன் அம்மா குழந்தையின் கோட்டைக் கழற்றினாள், ஸ்வெட்டரைக் கழற்றினாள். உள்ளே வெள்ளைத் தெர்மல் பனியன். நம் கம்பெனிச் சரக்கா என்று தெரியாது. ஆனால் குழந்தை கழுத்தைச் சொறிந்ததும் அதன் கழுத்துப் பட்டியைத் தடவிப் பார்க்க எழுந்துவிட்டேன் அக்கா.

ஆகஸ்டில் பேக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் கத்தி, குழந்தைப் பனியன் கழுத்துப் பட்டியில் ஊசி நுனி அகப்பட்டதே, அது என் மிஷின் ஊசி. உடைந்த துண்டு அத்தனையையும் ரிஜிஸ்டரில் ஒட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் லைனை நிறுத்தி எல்லாப் பீஸையும் தேட வேண்டும். ஊசி உடைந்த அன்று எனக்கு நுனி கிடைக்கவில்லை. எல்லோரும் திட்டுவார்களே என்று, டிராயரில் கிடந்த ஒரு பழைய நுனியைச் சேர்த்து ஒட்டிக் கொண்டுவந்து செக்கிங்கில் உங்களிடம் நீட்டினேன். நீங்கள் பொருத்திக்கூடப் பார்க்கவில்லை. நீ கொண்டாந்தா சரியாத்தான் இருக்கும் தம்பி என்று கையெழுத்துப் போட்டீர்கள்.

மேனேஜர் எல்லோர் முன்னாலும், ஏனுங்க, எல்லா ஊசியும் முழுசா இருக்குதுன்னு நீங்கதானுங்களே கையெழுத்துப் போட்டீங்க என்று கேட்டார். அப்போதும் நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. உங்களுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. நான் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்ததை உருவி, உருவியதைத் திரும்பக் கோத்தேன்.

பதினோரு வருடம் செக்கிங்கில் இருந்த உங்களை அன்றே வெளியே அனுப்பினார்கள். மற்ற கம்பெனிகளும் விசாரித்துவிட்டு வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறீர்கள். அந்தக் கையால் எனக்குப் பருப்புப்பொடி இடித்துக் கட்டிக் கொடுத்தீர்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். ஆறு வருடம் ஒரே காம்பவுண்டில் குடியிருந்து உங்களுக்கு நான் செய்தது இதுதான்.

என்னை நம்பிக்கையான டெய்லர் என்று இந்த வேலைக்கு எழுதிக் கொடுத்தவரும் அதே மேனேஜர்தான். நடந்ததை எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சற்று முன்புதான் அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டதற்கு நீலக் கோடும் விழுந்துவிட்டது. இங்கிருந்து என்னைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்பட்டும். முன்னாலேயே உங்களிடம் சொல்லியிருந்தால், போனது போகட்டும், நீ பொழைக்கிற வழியப் பாரு என்று தடுத்திருப்பீர்கள். அதற்குப் பயந்துதான் அவருக்கு முதலில் எழுதினேன்.

நாளைக்கு அவர் உங்களைக் கூப்பிடுவார். போங்கள். எனக்காக மட்டும் பரிந்து பேசிவிடாதீர்கள் அக்கா.

இப்படிக்கு,
உங்கள் கையால் சோறு தின்ற
ஜெயபாண்டி