குளிப்பாட்டிய குழம்பு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீங்கள் மூவரும் நலமா? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் சிமெண்டு மூட்டையோடு மாடி ஏறும்போது நெஞ்சு லேசாக அடைத்தது. ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். டாக்டர் மாத்திரை கொடுத்து, வாயைக் கட்டச் சொன்னார்: எண்ணெயும் உப்பும் குறைய வேண்டும், கீரையும் பழமும் கூட வேண்டும். அவ்வளவுதான், பயப்படாதே.

அறையில் எல்லோருக்கும் ஒரே சட்டி, முறை வைத்துச் சமையல். நான் தனியாகப் பொங்கினால் ஏன் என்று கேட்பார்கள். விஷயம் மேஸ்திரி காதுக்குப் போனால் ஊருக்கு அனுப்பிவிடுவார். அதனால் என் பங்குக் குழம்பிலிருந்து காய்களை எடுத்து, வெந்நீரில் அலசிச் சாப்பிடுகிறேன். நேற்று அறையில் கூட இருக்கும் எலெக்ட்ரீஷியன் பார்த்துவிட்டான்.

"என்னண்ணே, குழம்பைக் குளிப்பாட்டுறீங்க?"

"காரம் ஒத்துக்கலடா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஊறுகாய் அனுப்பாதே. எண்ணெய் இல்லாமல் பருப்பு ருசியாக வர என்ன செய்வாய் என்று எழுது.

இன்னொன்று. அப்பா இறந்த அன்று அவருக்கு முதலில் எந்தக் கை வலித்தது என்று பேச்சோடு பேச்சாக அம்மாவிடம் கேள். நான் கேட்டதாகச் சொல்லாதே.

லாரி வந்துவிட்டது, மூட்டை இறக்க வேண்டும்.

பாப்பாவின் அப்பா