விரியாத கை

கையோங்கியே பழகிய என் வீட்டுக்காரருக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை அழைத்து வந்த கையோடு, ஓடிப்போன உயிரைத் திரும்பக் கூப்பிடும் நம் லாவோஸ் சடங்கை உங்கள் அக்கா விலாய்போன் நடத்திவிட்டார். சாமந்திக் கோபுரம் என்ன, வெள்ளை நூல் என்ன! வியஞ்சான் நகரத்துச் சொந்தமெல்லாம் வரிசையில் வந்து உங்கள் மணிக்கட்டில் நூல் கட்டியது.

"பாவம், பூ மாதிரி மனசு. அதான் தாங்கல" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூவாம்! பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரை உதைத்து நொறுக்கிய பூ. என் இடது காதைச் செவிடாக்கிய பூ. நான் அம்மா வீட்டுக்குப் போன மறுநாள், அடிக்க ஆள் இல்லாமல் உங்கள் உயிர்மேலேயே கை வைத்தீர்கள். அதற்குப் பெயர் மென்மையாம்.

"நீயும் ஒரு நூல் கட்டேன்டி. 'உயிரே, வீட்டுக்கு வா'ன்னு சொல்லேன்" என்று அக்கா என்னைத் தள்ளினார்.

எந்த வீட்டுக்கு? நூலை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

திரும்பி வரும் உயிருக்கென்று உங்கள் உள்ளங்கையில் வைத்த அவித்த முட்டையைக்கூட நசுக்கிவிட்டீர்கள். அதைப் பார்த்துத்தான் எழுந்து அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தேன். திமிர் பிடித்தவள் என்றார்கள். நசுக்கிய கை நடுங்கியதை அவர்கள் யாரும் பார்க்கவில்லை.

என் நூல் என்னிடமே இருக்கிறது. நீங்கள் மனநல டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று அவர் வாசலில் நிற்பேன். கையை விரித்து நீட்டுங்கள். முஷ்டியில் நான் கட்டமாட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் பேசினால் கேட்க இன்னும் ஒரு காது மிச்சம் வைத்திருப்பவள்